ஒரு நூலுக்கு ஒரே பதிவு



ஒரு கல்லூரி நூலகத்தின் பெருமை எதில் அடங்கியுள்ளது என்று வினவினால், அங்குள்ள நூல்களின் தொகையையே பலரும் விடையாகக் கூறுவர். ஆயினும், இலட்சம் நூல்களை அடுக்கி வைத்திருந்தும் வேண்டிய ஒன்றை வேண்டிய வேளையில் எடுக்க இயலாதெனின், அவ்விலட்சம் நூல்களும் பூட்டிய பெட்டகத்துப் பொன்னை ஒக்கும். அப்பெட்டகத்தின் திறவுகோல் நூற்பட்டியல். அத்திறவுகோலை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வடித்துக்கொண்டிருந்த காலம் போய், பல கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரே திறவுகோலைச் செய்துகொண்ட வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே நிகழ்ந்தது. கணனியின் வரலாறு என்று அதனைக் கொள்வோர் உளர். மனிதர் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின் வரலாறு என்பதே என் கருத்து.

முதலில் பழைய முறையைச் சற்று நோக்குவோம். மரப்பேழையொன்றில் சிறு சிறு இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையிலும் ஏழரைச் சதமமீற்றர் உயரமும் பன்னிரண்டரைச் சதமமீற்றர் அகலமுமுள்ள தடித்த அட்டைகள். அட்டையின் அடிப்பாகத்தில் ஒரு துவாரம். அத்துவாரங்களின் ஊடாக ஓர் இரும்புக் கம்பி. வாசகர் எவரும் அட்டையை உருவிச் சென்றுவிடாதபடி அக்கம்பியே காவல். நூலொன்று வந்தால் அதற்கு ஓரட்டை போதாது. ஆசிரியர் பெயருக்கு ஒன்று, நூலின் பெயருக்கு ஒன்று, அது கூறும் பொருள்களுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ என ஐந்தாறு அட்டைகள் வேண்டும். அவை அனைத்தையும் தட்டச்சிட வேண்டும். பிழை பார்க்க வேண்டும். பின்னர் அகரவரிசை பிறழாது இழுப்பறைகளில் சேர்க்க வேண்டும். புதிதாகப் பணிக்கு வந்தவர் அட்டைகளைக் கம்பிக்கு மேலே நிறுத்தி வைப்பார். அனுபவம் மிக்கவர் ஒருவர் வந்து சரிபார்த்த பின்னரே கம்பியை உருவி, அட்டைகளைக் கீழே இறக்கி, மீண்டும் கம்பியைச் செலுத்துவார். அத்துணைக் கவனம் அப்பணிக்கு வேண்டியிருந்தது. தவறான இடத்திற் புகுந்த அட்டைக்குரிய நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாத நூலே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒரே நூலை ஐம்பது கல்லூரிகள் வாங்கினால், அதே ஐந்தாறு அட்டைகளை ஐம்பது இடங்களில் ஐம்பது பேர் ஆக்கத்தான் வேண்டுமா?

இவ்வினா புதியதன்று. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தில் நூலகராக இருந்த சார்ள்ஸ் ஜூவெட் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதனை எழுப்பினார். ஒவ்வொரு நூலின் விவரத்தையும் ஒருமுறை அச்சுத் தகடாக வார்த்து வைத்துக்கொண்டால், எந்த நூலகத்துக்கு எந்தப் பட்டியல் வேண்டுமாயினும் உரிய தகடுகளைப் பொறுக்கி அடுக்கி அச்சிட்டுக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். களிமண் சேர்ந்த ஒரு பொருளால் தகடுகளை வார்த்துப் பார்த்தார்கள்; அவை செவ்வையாக அமையவில்லை. மண் பட்டியல் என்று பிறர் அதனை நகையாடும் நிலை வந்தது. 1854 ஆம் ஆண்டில் ஜூவெட் அந்நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தது. எண்ணம் சரியானது, அதனைத் தாங்கும் கருவி அக்காலத்தில் இல்லை.

1901 ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. சுமை ஓரளவு குறைந்தது. ஆயினும் அட்டைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அட்டை வரும்வரை நூல் அலுவலக அறையிலே தூங்கும். காங்கிரஸ் நூலகம் பதியாத நூலாயின் பழைய வழியே கதி. 1936 ஆம் ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ப் பார்க்கர் என்ற நூலகர், வணிக நிலையங்களில் வழங்கிய துளையிட்ட அட்டைகளைக் கொண்டு நூல் இரவற் கணக்கை இயந்திரத்தாற் செய்து காட்டினார். நூலகத்துள் இயந்திரம் நுழைந்த முதற் படிகளுள் அது ஒன்று. எனினும் அது ஒரு நூலகத்தின் உள்ளே நிகழ்ந்த மாற்றமேயன்றி, நூலகங்களை ஒன்றோடொன்று பிணைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் தொகை பெருகியது; நூல்களின் வெளியீடும் பெருகியது. ஒகையோ மாநிலத்திலே பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவும், சமயச் சபைகள் முதலியன நிறுவிய சிறிய கல்லூரிகள் பலவும் இருந்தன. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான கூட்டுப் பட்டியல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கு எழுந்தது. எந்நூல் எக்கல்லூரியில் உள்ளது என்பதை ஓரிடத்திலே காண வேண்டும் என்பதே முதல் விருப்பம். ஆலோசனை கூற இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் முன்னே கூறிய ரால்ப் பார்க்கர். மற்றவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடரிக் கில்கோர். மாபெரும் அட்டைப் பேழை ஒன்றைக் கட்டுதல் வீண். கணனியொன்றை நடுவே வைத்து, எல்லாக் கல்லூரிகளையும் அதனோடு கம்பிவழி இணைத்து, பட்டியலிடும் வேலையையே பொதுவாக்குக என்று அவர்கள் கூறினர். அவ்வாறே 1967 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒகையோ கல்லூரி நூலக நிலையம் என்ற அமைப்பு பிறந்தது. அதிற் சேர்ந்தவை 54 கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள். தலைவராக கில்கோர் அழைக்கப்பட்டார்.

கில்கோர் 1914 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஹார்வார்டில் இரசாயனம் கற்றவர். விஞ்ஞான வரலாற்றிலும் ஈடுபாடுடையவர். யேல் மருத்துவ நூலகத்தை நெடுங்காலம் நடத்தியவர். அவர் முன்வைத்த இலக்குகள் இரண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் எட்டக்கூடிய நூல்களின் தொகை பெருக வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் நூலகம் செலவிடும் பணம் உயர்ந்து செல்லும் வேகம் குறைய வேண்டும். செலவையே குறைத்து விடுவேன் என்று அவர் வாக்களிக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உயரும் வேகத்தைக் குறைப்பேன் என்று மட்டுமே கூறினார். கணக்கறிந்தவரின் அடக்கமான வாக்கு அது.

ஆனால் கணனிக்கு நூலின் விவரத்தை எவ்வாறு உணர்த்துவது? மனிதக் கண் அட்டையைப் பார்த்ததும், மேலே உள்ளது ஆசிரியர் பெயர், அடுத்தது நூற்பெயர் என அறிந்துகொள்ளும். கணனிக்கு அவ்வறிவு இல்லை. இத்தடையை நீக்கியவர் ஹென்றியெட் அவ்ராம் என்ற அம்மையார். நூலகவியல் கற்றவரல்லர், கணனிக்குக் கட்டளை எழுதும் தொழிலர். 1965 ஆம் ஆண்டில் காங்கிரஸ் நூலகத்துட் புகுந்த அவர், அட்டையிலுள்ள ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் கொடுத்தார். ஆசிரியர் பெயருக்கு 100, நூற்பெயருக்கு 245, பொருட்டலைப்புக்கு 650, இவ்வாறே ஏனையவற்றுக்கும். மார்க் என்று பெயர் பெற்ற அம்முறை, 1966 ஆம் ஆண்டில் 16 நூலகங்களுடன் பரீட்சிக்கப்பட்டது. 1969 ஆம் ஆண்டு முதல் காங்கிரஸ் நூலகத்தின் பதிவுகள் காந்த நாடாக்களில் வெளியே வழங்கப்பட்டன. ஜூவெட் களிமண்ணில் வார்க்க முயன்ற தகடு, நூறாண்டுக்குப் பின் காந்த நாடாவில் வாய்த்தது எனலாம்.

இனி, பல்லாயிரம் பதிவுகளுள் ஒன்றைக் கணப்பொழுதில் எடுப்பது எங்ஙனம்? அக்காலக் கணனியின் நினைவாற்றல் மிகச் சிறிது. கில்கோரும் அவர் குழுவினரும் எளிய உபாயம் ஒன்றைக் கண்டனர். ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள், நூற்பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள், இவ்வாறு எழுத்து மட்டுமே போதும். டால்ஸ்டாய் எழுதிய போரும் அமைதியும் என்ற நாவலின் ஆங்கிலப் பதிப்பு வேண்டுமாயின், டி, ஓ, எல் என்றும், டபிள்யூ, ஏ, ஆர் என்றும் தட்டினால் அமையும். அவ்வாறெழுத்தும் பொருந்தும் நூல்கள் சிலவே இருக்கும். அவை திரையில் வரிசையாகத் தோன்றும். வேண்டியதை நூலகர் தெரிந்தெடுப்பார். முழுப் பெயரையும் பிழையின்றித் தட்டும் தொல்லை இல்லை.

1971 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26 ஆந் திகதி, ஒகையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் இம்முறை முதன்முதலாக இயங்கியது. அந்நூலகம் அதென்ஸ் என்ற சிற்றூரில் உள்ளது. கணனியோ கொலம்பஸ் நகரில். இரண்டையும் வாடகைக்கு எடுத்த தொலைபேசிக் கம்பியே இணைத்தது. நூலகர் ஒருவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு எழுத்துக்களைத் தட்டினார். எங்கோ இருந்த கணனி விடையளித்தது. பதிவு திரையிலே தோன்றியது. தம் நூலகத்துக்குரிய இடக்குறியைச் சேர்த்து, அட்டை ஆக்குக என ஆணையிட்டார். அன்று ஒரு நாளிற் பட்டியலிட்ட நூல்கள் 133. பதிவு இல்லாத நூலாயின், நூலகரே புதுப் பதிவு இயற்றுவார். அதன்பின் அந்நூலை வாங்கும் எக்கல்லூரியும் அப்பதிவையே எடுத்துக்கொள்ளும். ஒருவர் உழைப்பு ஐம்பத்துநால்வருக்கும் உதவிற்று. இந்தப் பொதுப் பட்டியலின் முதலாம் இலக்கத்தைத் தாங்கி நிற்பது பேரறிஞரின் நூலன்று. சிறுவர் பொழுதுபோக்கைப் பற்றிய ஒரு படநூல்.

இணையம் என்று இன்று நாம் வழங்கும் வலையமைப்பின் மூதாதையாகிய ஆர்பாநெட், இதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1969 ஆம் ஆண்டில், நான்கு ஆய்வு நிலையங்களை இணைத்திருந்தது. அது கணனி அறிஞருக்காகக் கணனி அறிஞர் அமைத்தது. ஒகையோவில் நிகழ்ந்ததோ, கணனியைக் கண்டறியாத சாதாரண நூலகர் நாள்தோறும் தம் அலுவலுக்குப் பயன்படுத்திய வலையமைப்பு. இதுவே அதன் சிறப்பு.

நன்மையைக் கூறினேன், விலையையும் கூறுதல் கடன். முதல் ஆண்டில் ஆல்டன் நூலகம் பட்டியலிட்ட நூல்களின் தொகை மூன்றில் ஒரு பங்கு கூடியது. அதே வேளையில் ஊழியரின் இடங்கள் 17 குறைந்தன. எவரையும் வேலையினின்று நீக்கவில்லை. தாமாக விலகிச் சென்றோரின் இடங்களை நிரப்பாது விட்டனர். எனினும் அட்டை தட்டச்சிட்டும் அடுக்கியும் வாழக்கூடிய பதினேழு பேருக்கு அந்த ஊரில் இனி அவ்வேலை இல்லை. சிக்கனம் என்ற சொல்லுக்குள் எப்போதும் சில மனிதர் ஒளிந்திருப்பர் என்பதை மறத்தல் ஆகாது.

இன்னொரு விலை, பிழை. ஒருவர் செய்த சரியான பதிவு எல்லோருக்கும் பயன்படுவது போலவே, ஒருவர் செய்த தவறான பதிவும் எல்லோரிடத்தும் பரவும். முன்பு ஒரு கல்லூரியின் இழுப்பறைக்குள் அடங்கியிருந்த பிழை, இப்போது கம்பிவழி ஓடி அயற் கல்லூரிக்கும் சென்றது. ஆகவே பொதுவேலை என்பது பொதுவான விதிகளையும், அவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் மனச்சாட்சியையும் வேண்டி நின்றது. இயந்திரம் இவற்றைத் தர வல்லதன்று.

இவ்வமைப்பு 1973 ஆம் ஆண்டு முதல் ஒகையோவுக்கு வெளியேயும் விரிந்தது. 1979 ஆம் ஆண்டில் நூலகங்களுக்கிடையே நூல் இரவல் வாங்கும் வேலையும் கணனிவழி நிகழலாயிற்று. சிறு கல்லூரியின் மாணவன் ஒருவன், தன் கல்லூரி என்றுமே வாங்க இயலாத நூல் எங்குள்ளது என அறிந்து, அதனை வரவழைக்கும் வழி இதனால் எளிதாயிற்று. 1981 ஆம் ஆண்டில் அமைப்பின் பெயர் மாறியது. ஓ, சி, எல், சி என்ற நான்கு முதலெழுத்துக்கள் மாறவில்லை. ஆனால் ஒகையோ என்ற சொல்லும் கல்லூரி என்ற சொல்லும் மறைந்தன. அதன் பொதுப் பட்டியல் இன்று வேர்ல்ட்கேட் என வழங்குகின்றது. அதிலுள்ள பதிவுகள் ஐம்பது கோடிக்கும் மேல்.

அப்பட்டியலில் நம் தமிழ் நூல்களும் உண்டு. 1962 ஆம் ஆண்டு முதல், இந்தியாவுக்கு விற்ற தானியத்தின் விலைப் பணத்தைக் கொண்டு அமெரிக்க அரசு இந்திய நூல்களை வாங்கித் தன் நாட்டு நூலகங்களுக்கு அனுப்பியது. அவற்றுள் தமிழ் நூல்களும் அடங்கும். ஆயினும் தொடக்க காலக் கணனி அறிந்தது உரோம எழுத்தை மட்டுமே. ஆதலால் தமிழ் நூற்பெயர்கள் உரோம எழுத்திலேயே பதியப்பட்டன. நமது ழகரம், கீழே கோடிட்ட எல் என்ற எழுத்தாயிற்று. ளகரம், கீழே புள்ளியிட்ட எல் ஆயிற்று. அக்குறிகளை அறியாத தமிழ் வாசகர், தம் மொழி நூலைத் தம் எழுத்தால் தேட இயலாது நின்றார். பின்னாளில் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யும் வசதி வந்தது. எனினும் பழைய பதிவுகள் எல்லாம் தாமாக மாறுவதில்லை. பொதுப் பட்டியலில் இடம் கிடைத்தல் ஒன்று. நம் எழுத்தோடு இடம் கிடைத்தல் மற்றொன்று.

யாவற்றினும் கடினமான வினா உடைமை பற்றியது. பல்லாயிரம் நூலகர் சேர்ந்து எழுதிய பட்டியல் யாருக்குரியது? எழுதியோருக்கா, அதனைக் காத்து நடத்தும் நிலையத்துக்கா? 1982 ஆம் ஆண்டில் அந்நிலையம் பட்டியலின் மீது பதிப்புரிமை கோரியபோது நூலகரிடையே சலசலப்பு எழுந்தது. 2008 ஆம் ஆண்டிற் பதிவுகளைப் பயன்படுத்துதற்குப் புதிய விதிகளை வெளியிட்டபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது. மறு ஆண்டில் அவ்விதிகள் கைவிடப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் வேறு விதிகள் வகுக்கப்பட்டன. ஊரார் கூடி வெட்டிய குளத்துக்குக் காவலாளி வேண்டும். காவலுக்குக் கூலியும் வேண்டும். ஆனால் நாளடைவிற் குளம் காவலாளிக்குச் சொந்தமாகிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. இவ்வழக்கு முற்றாகத் தீர்ந்ததெனக் கூற முடியாது.

ஒகையோவிலேயே இதன் அடுத்த படியும் நிகழ்ந்தது. 1980 களில் அம்மாநிலப் பல்கலைக்கழகங்கள் நூல்களை வைக்க இடமின்றிப் புதிய கட்டடங்களுக்குப் பணம் கேட்டன. இதனை ஆராய்ந்த குழு, கட்டடங்களோடு நில்லாது மாநிலம் முழுவதற்கும் ஒரே கணனிப் பட்டியல் வேண்டுமென 1987 ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. ஒகையோலிங்க் என்ற அவ்வலையமைப்பு 1992 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் வழி, மாணவர் நூலகரின் துணையின்றித் தாமே பிற கல்லூரி நூலைக் கேட்டுப் பெறலாம். முன்னைய வலையமைப்பு நூலகரை நூலகரோடு இணைத்தது. இது வாசகரை நூலோடு இணைத்தது.

அட்டைகளின் கதி யாதாயிற்று எனக் கேட்பீர்கள். அட்டையை ஒழிக்கவந்ததென்று கருதப்பட்ட கணனி, நெடுங்காலம் அட்டைகளையே அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கல்லூரிகள் கேட்டவை அட்டைகளே. அவை அந்தந்த நூலகத்தின் இழுப்பறைக்கேற்ப அகரவரிசையில் அடுக்கப்பட்டு வந்து சேர்ந்தன. 1985 ஆம் ஆண்டில் மட்டும் 13 கோடி 10 இலட்சம் அட்டைகள் அச்சாயின. வாசகரும் கணனித் திரையில் தேடத் தொடங்கிய பின்னரே அட்டை தேய்ந்தது. நூலகங்கள் பழைய அட்டைகளை வீசியபோது, 1994 ஆம் ஆண்டில் நிக்கல்சன் பேக்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் வன்மையாகக் கண்டித்தார். தலைமுறை தலைமுறையாக நூலகர் தம் கைப்பட எழுதிய குறிப்புக்களும் திருத்தங்களும் அட்டையோடு அழிகின்றன என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. பொதுப் பதிவு எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் ஓரூர் நூலகர் தம் ஊர் வாசகருக்காக எழுதிய ஒரு வரிக்கு அதில் எளிதில் இடமிருப்பதில்லை.

2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, அந்நிலையம் தன் இறுதி அட்டைகளை அச்சிட்டது. 1971 ஆம் ஆண்டு முதல் அது அச்சிட்ட மொத்த அட்டைகள் ஏறத்தாழ 190 கோடி. இறுதிக் கட்டு, நியூயோர்க் மாநிலத்துச் சிறிய கல்லூரியொன்றுக்குச் சென்றது. கில்கோரும் அவ்ராம் அம்மையாரும் அதனைக் காண இருக்கவில்லை. இருவரும் 2006 ஆம் ஆண்டில் மறைந்தனர்.

வாசகரின் நேரத்தைக் காத்தல் நூலகத்தின் கடன் என்பதை, சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய இரங்கநாதன் 1931 ஆம் ஆண்டிலேயே தமது ஐந்து விதிகளுள் நான்காவதாக வகுத்தார். ஒகையோ நூலகர் அவ்விதிக்குக் கணனியின் துணையைத் தேடினர். ஆயினும் கணனி வந்ததனால் மட்டும் அவர்கள் வெற்றி பெறவில்லை. ஒரே வகைக் கணனியை ஐம்பத்துநான்கு கல்லூரிகளும் தனித்தனியே வாங்கியிருப்பின், ஐம்பத்துநான்கு புதிய இழுப்பறைகளே மிஞ்சியிருக்கும். என் பதிவை நீ நம்பு, உன் பதிவை நான் நம்புகிறேன் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிக்கொண்ட நாளிலேதான் அந்த வலையமைப்புப் பிறந்தது. புதிய இயந்திரங்களை வாங்க முற்படும் எந்தக் கல்லூரியும், வாங்குமுன் தன் அயற் கல்லூரியின் கதவைத் தட்டிப் பேசுவது நன்று. இயந்திரம் பழையதாகிப் போகும். செவ்வையாக எழுதிய பதிவு, எழுதியவர் மறைந்த பின்னும் யாரோ ஒரு மாணவனுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும்.